சுடலாம் என்கிறார்கள், ஆனால் எதை? மர அணிலும் மீண்டு வந்த காணிகளும்

2025 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை காலை 8 மணிக்கு இலங்கை முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஐந்தே நிமிடங்கள். தத்தம் வளவிலும் தோட்டத்திலும் தென்படுகின்ற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதித் தரும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பயிருக்குச் சேதம் விளைவிக்கும் விலங்குகள் எத்தனை இருக்கின்றன என்பதை அறிந்துகொள்வதே நோக்கம் என்று விவசாய அமைச்சு கூறியது. சில மாதங்களின் பின்னர் முடிவு வெளியானது. குரங்குகள் 50 இலட்சத்திற்கு மேல், மர அணில்கள் 25 இலட்சத்திற்கு மேல் என்பது அதன் சாரம்.

அதற்கு முன்னரே, மகிந்த அமரவீர விவசாய அமைச்சராக இருந்த காலத்தில், பயிரைக் காக்க இந்த விலங்குகள் மீது விவசாயிகள் நடவடிக்கை எடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்திருந்தது. அந்தப் பட்டியலிலும் மர அணில் இருந்தது. அன்றிலிருந்து திருகோணமலையில் தென்னை வைத்திருக்கின்ற எவரோடு பேசினாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. கொல்லலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் ஒரு வகை அணிலைக் காப்பதற்காக இன்னொரு வகை அணிலைக் கொல்வது சரியா என்று பல தசாப்தங்களாக விவாதிக்கிறார்கள். எங்கள் ஊரில் கொல்வதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் “வெள்ளைக்காரனே அணிலைச் சுடுகிறான்” என்று அந்த உதாரணத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அங்கே நடப்பது என்ன, இங்கே நடப்பது என்ன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று எதிரானவை.

பிரித்தானியாவில் நடப்பது

பிரித்தானியாவின் பூர்வீக அணில் செவ்வணில். காதில் மயிர்க்குஞ்சம் உள்ள, செம்பழுப்பு நிறமான சிறிய பிராணி. சாம்பல் அணில் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. 1876இல் செல்வந்தர் ஒருவர் அதைக் கொண்டுவந்து இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் விட்டார். பார்க்க அழகாக இருக்கிறது என்று மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். இன்று சாம்பல் அணில் சுமார் 27 இலட்சம் இருப்பதாகவும், செவ்வணில் 3 இலட்சத்திற்கும் குறைவு என்றும் 2018இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. மிஞ்சியவற்றில் பெரும் பகுதி ஸ்கொட்லாந்தில் இருக்கிறது.

சாம்பல் அணில் பெரியது. செவ்வணிலுக்குச் செரிக்காத பச்சைக் கொட்டைகளையும் அது தின்னும். உணவுப் போட்டியில் செவ்வணில் தோற்றுப் போகிறது. அதைவிட மோசமானது ஒரு நோய். அணில் அம்மை எனப்படும் வைரஸைச் சாம்பல் அணில் சுமந்து திரியும், ஆனால் அது பெரும்பாலும் நோய்வாய்ப்படுவதில்லை. செவ்வணிலுக்குத் தொற்றினால் ஓரிரு வாரங்களில் செத்துவிடும்.

ஆகவே சாம்பல் அணிலைக் கொல்கிறார்கள். பொறி வைக்கிறார்கள், சுடுகிறார்கள். 1950களில் ஒரு வாலுக்கு ஒரு சிலிங் என்று அரசாங்கமே பணம் கொடுத்தது. வால்கள் குவிந்தன, ஆனால் சாம்பல் அணில் பரவுவது நிற்கவில்லை. ஒரு காட்டில் சுட்டு முடித்தால் பக்கத்துக் காட்டிலிருந்து வந்து வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டது.

வெற்றி கண்ட இடம் வேல்ஸ் கரையோரத்தில் உள்ள அங்கிள்சீ என்ற தீவு. 1998இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். சாம்பல் அணில் ஒன்றுகூட இல்லை என்ற நிலைக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடித்தன. நாற்பது அளவில் எஞ்சியிருந்த செவ்வணில்கள் பல நூறாகப் பெருகின. தீவு என்பதால்தான் அது முடிந்தது. இடையில் கடல் நீரிணை இருந்ததால் திரும்பி வருவது கடினமாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அங்கே விவாதம் ஓயவில்லை. மனிதன் செய்த பிழைக்கு அணில் ஏன் சாகவேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்கின்றன. சுடுவதற்குப் பதிலாகக் கருத்தடை மருந்து கலந்த தீன் வைக்கலாமா என்று அரச ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பரிசோதிக்கிறார்கள். அயர்லாந்தில் இன்னொரு சங்கதி தெரியவந்தது. வேட்டையால் அருகிப்போன மரக்கீரி இனமொன்று சட்டப் பாதுகாப்பால் மீண்டும் பெருகியபோது, அந்தப் பகுதிகளில் சாம்பல் அணில் குறைந்து செவ்வணில் திரும்பி வந்தது. இரையைப் பிடிக்கும் விலங்கு திரும்பியதும் காடு தானே கணக்கைச் சரி செய்துகொண்டது.

இதிலிருந்து ஒரு விதியை எடுக்கலாம். கொல்வதை ஆதரிக்கின்ற பிரித்தானியர்கள் மூன்று விடயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, அந்த விலங்கை மனிதன் வெளியிலிருந்து கொண்டுவந்தான். இரண்டு, அதனால் அந்த மண்ணுக்குரிய ஓர் இனம் அழிகிறது. மூன்று, கொன்றால் திரும்பி வராமல் தடுக்க வழி இருக்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாதம் நொண்டும்.

எங்கள் காகம் போன இடங்கள்

திருகோணமலை துறைமுக நகரம் என்பதால் இன்னொரு உதாரணத்தையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கூரையில் இருந்து கரைகின்ற காகம் கடல் கடந்த நாடுகளில் சாம்பல் அணிலின் இடத்தில் நிற்கிறது.

1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதியில் கோப்பித் தோட்டங்களில் மயிர்க்கொட்டிப் புழுக்களைத் தின்ன வைப்பதற்காக இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கோப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் துப்பாக்கிக் கழக உறுப்பினர்களை வைத்துக் காகங்களைச் சுட்டார்கள். நெதர்லாந்தின் ஹூக் ஒஃப் ஹொலண்ட் துறைமுகத்தில் 1994 அளவில் கப்பலில் தொற்றிக்கொண்டு வந்திறங்கிய ஒரு சோடிக் காகம் சில பத்தாகப் பெருகியது. அதைச் சுடலாமா என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கென்யாவின் வனவிலங்குச் சேவை 2024இல் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. அங்குள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் காகம் தின்று தீர்க்கிறது என்பது காரணம்.

அமாவாசையில் நாங்கள் இலை போட்டு அழைக்கின்ற அதே காகம்தான். அதன் குணம் எதுவும் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஒரு விலங்கு பீடையா இல்லையா என்பதை அதன் இனத்தின் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அது எந்த மண்ணில், எதனால், யாருக்குத் தீங்கு செய்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். “வந்தேறி”, “பூர்வீகம்” என்ற சொற்கள் மனிதர்கள் மீது எறியப்பட்ட நாட்டில் இருந்து இதை எழுதுகிறேன். அதனால் இந்த வேறுபாட்டைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். விலங்கியலில்கூடப் பிறந்த இடம் மட்டும் குற்றமல்ல. விளைகின்ற தீங்குதான் கணக்கு.

மர அணில் எந்தப் பக்கம்?

இப்போது எங்கள் மர அணிலை அந்த மூன்று கேள்விகளின் முன் நிறுத்துவோம்.

இது இராமர் முதுகில் தடவிய கோடு என்று சொல்லப்படுகின்ற முற்றத்துச் சிறு அணில் அல்ல. வாலோடு சேர்த்து இரண்டரை அடி வரை நீளம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறை. மரத்துக்கு மரம் பாய்ந்து திரியும், நிலத்தில் இறங்குவது குறைவு. உலகத்தில் இந்த இனம் இருப்பது இரண்டே இடங்களில்தான். இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில மலைச்சாரல், ஆற்றங்கரைக் காடுகளிலும். உலர் வலயத்தில் வாழ்கின்ற எங்கள் மர அணிலும் தமிழ்நாட்டில் வாழ்வதும் ஒரே துணையினம். அதன் விஞ்ஞானப் பெயரில் உள்ள ‘தண்டொலேனா’ என்ற பகுதி சிங்களத்தில் இதை அழைக்கின்ற ‘தண்டு லேனா’ என்ற பெயரிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் இதைச் சாம்பல் நிற மலை அணில் என்பார்கள். அதைக் காப்பதற்கென்றே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அந்தக் காடு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் சரணாலயம், இந்தப் பக்கம் பீடைப் பட்டியல். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதனை அச்சுறுத்தலை அண்மித்த இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே முதலாவது கேள்விக்கு விடை, இதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை, இதனால் இந்த மண்ணின் வேறெந்த இனமும் அழியவில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை, கொன்றால் பக்கத்துக் காட்டிலிருந்து மீண்டும் வரும். எங்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையில் கடல் இல்லை, பல இடங்களில் ஒரு வேலிகூட இல்லை. குரங்குக்கும் இதே விடைகள்தான். அந்தச் செங்குரங்கு உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை, அழிவை எதிர்நோக்கும் இனமாகவும் பட்டியலிடப்பட்டிருக்கிறது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, வழக்குத் தொடரப்பட்டு, ஏற்றுமதி நடக்காது என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அரச தரப்பு உறுதியளித்ததோடு அது நின்றது.

பிரித்தானிய வாதத்தின்படி பார்த்தால் மர அணில் நிற்பது செவ்வணிலின் பக்கத்தில். அங்கே காக்கப்படுகின்ற விலங்கின் இடத்தில் இருப்பதைத்தான் இங்கே கொல்லச் சொல்கிறோம்.

நட்டம் பொய்யல்ல

இப்படிச் சொல்வதால் கமக்காரர் படுகின்ற பாடு பொய் என்று ஆகிவிடாது. 2022இன் முதல் ஆறு மாதங்களில் விலங்குகளால் 3,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட விளைச்சல் அழிந்ததாகவும், அதில் 9 கோடிக்கு மேற்பட்ட தேங்காய்கள் அடங்கும் என்றும் விவசாய அமைச்சு சொன்னது. 2024 இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது அதன் அர்த்தம் எல்லா அடுப்படிகளுக்கும் விளங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மூதூர்ப் பக்கம் அரை ஏக்கரில் தென்னை வைத்திருக்கிறார். போரில் ஒரு மகனை இழந்தவர். ஓய்வூதியமோ வெளிநாட்டுப் பணமோ இல்லை. குரங்கு இளநீரைக் கடித்து எறிகிறது, மர அணில் குரும்பட்டியைத் துளைக்கிறது. மரத்தடியில் விழுந்து கிடப்பவற்றைக் கூட்டி அள்ளுவதுதான் அவருடைய காலை வேலை. “சுடலாம் எண்டு சொல்லிப்போட்டாங்கள் தம்பி. சுடுறதுக்குத் துவக்கு எங்க இருக்கு? இருந்தாலும் இந்த ஊருக்குள்ள இனி ஒரு வெடிச்சத்தம் கேக்க ஏலுமா?” என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் கொழும்பு விவாதங்களில் வராத இரண்டு உண்மைகள் இருக்கின்றன. வடக்கு கிழக்கில் பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த வேட்டைத் துவக்குகள் போர்க்காலத்தில் போய்விட்டன. ஒரு தரப்பு வாங்கிக்கொண்டது, மற்றத் தரப்பு ஒப்படைக்கச் சொன்னது. இன்று ஒரு தமிழ்க் கமக்காரர் சுடுகலன் அனுமதிக்கு விண்ணப்பிக்கவே தயங்குவார். எனவே “சுடலாம்” என்ற அறிவிப்பு அவருக்கு வெறும் சொல்தான். எஞ்சுவது கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும் வெடி பொதிந்த தீனியும். இவை எதுவும் குரங்கு எது, மாடு எது, விறகு பொறுக்கப் போன பிள்ளை எது என்று பார்க்காது. காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் இலங்கையில் சிறுத்தைகள் பல செத்திருக்கின்றன. குரங்கையும் மந்தியையும் பிடித்துத் தின்கின்ற விலங்கைக் கொன்றுவிட்டுக் குரங்கு பெருகிவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அயர்லாந்து மரக்கீரியின் கதையும் இதைத்தானே சொல்கிறது.

காடு வந்த கதை

விலங்குகள் ஏன் ஊருக்குள் வந்தன என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படுகின்ற விடை “காடழிப்பு” என்பது. திருகோணமலையில் அது பாதிக் கதை மட்டுமே. மற்றப் பாதி இடப்பெயர்வு.

திரியாயில் 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டபோது மக்கள் வெளியேறினார்கள். சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறினார்கள். அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயமானது, 2015, 2016ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாகத்தான் திரும்பக் கிடைத்தது. ஒன்பது, பத்து ஆண்டுகள் முகாம் வாழ்க்கை. இப்படி மாவட்டம் முழுவதும் எத்தனையோ ஊர்கள். ஆள் இல்லாத வயலில் முதலில் புல்லும் பற்றையும் வரும், பிறகு மரம் வரும். பராமரிப்பில்லாத தென்னந்தோப்பு மர அணிலுக்கு மிக வசதியானது. ஓலையோடு ஓலை தொட்டு நிற்கின்ற, நிலத்தில் இறங்காமலே கடக்கக்கூடிய தொடர் கூரை அது. ஆண்டுக்கணக்காக அங்கே கூடு கட்டி, குட்டி போட்டு வாழ்ந்த விலங்குக்கு அது வீடு. திரும்பி வந்த எங்களுக்கும் அது வீடு. இருவரும் ஒரே காணியில் உரிமையோடு நிற்கிறோம். இதில் எந்தத் தரப்பும் மற்றத் தரப்பை ஆக்கிரமிக்கவில்லை.

இங்கேதான் அரசின் இரண்டு நாக்குகளைப் பார்க்கவேண்டும். மக்கள் இல்லாத காலத்தில் பற்றை வளர்ந்த காணிகள் பலவற்றுக்கு, அவை காடு என்று சொல்லி எல்லைக் கல் போடப்பட்டதாகக் குச்சவெளி போன்ற பகுதிகளில் மீள்குடியேறிய மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். காணி என்று வரும்போது அது காடு, அதனால் கமக்காரர் உள்ளே போகக்கூடாது. அந்தக் காட்டின் விலங்கு என்று வரும்போது அது பீடை, அதனால் கமக்காரரே கொல்லட்டும். அது உண்மையிலேயே காடு என்றால் அதில் வாழும் விலங்குக்குப் பாதுகாப்பு வேண்டும். விலங்கு பீடை என்றால் அது நிற்கின்ற மண் பயிர் நிலம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் காணியும் எங்களுக்கில்லை, காடும் விலங்குக்கில்லை.

வேறு என்ன செய்யலாம்?

தென்னை மரத்தில் ஆளுயரத்துக்கு மேலே தகரம் அடிப்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி. எலியையும் நிலத்திலிருந்து ஏறும் அணிலையும் அது தடுக்கும். ஆனால் மர அணில் கீழிருந்து ஏறுவதில்லை, பக்கத்து மரத்திலிருந்து பாய்கிறது. எனவே காட்டோரமாக உள்ள தென்னை வரிசைக்கும் காட்டு மரங்களுக்கும் இடையில் கொப்புகளை வெட்டி இடைவெளி விடாவிட்டால் தகரத்தால் பயனில்லை. தனி ஒருவர் செய்தால் அது பக்கத்து வளவால் வரும். ஒரு கிராமம் சேர்ந்து, வனத் திணைக்களத்தின் அனுமதியோடு செய்யவேண்டிய வேலை இது.

குரங்குக்குக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டம் மாத்தளையில் அறிவிக்கப்பட்டது. மெதுவான வழிதான். ஆனால் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிறப்பை மட்டும் குறைப்பதால் அந்த இடம் வெற்றிடமாகாது, வேறு கூட்டம் வந்து நிரப்பாது. குப்பையைத் திறந்த வெளியில் கொட்டுவதை உள்ளூராட்சி சபைகள் நிறுத்தினாலே ஊருக்குள் நிலைகொண்ட குரங்குக் கூட்டத்துக்குத் தீனி குறையும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இழப்பீடு. 2018இல் அறிமுகமான பயிர்க் காப்புறுதித் திட்டம் நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சோயா, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கு, வறட்சி, வெள்ளம், காட்டுயானைச் சேதம் என்பவற்றுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை தருவதாகச் சொன்னது. அந்தப் பயிர்ப் பட்டியலில் தென்னை இல்லை, விலங்குப் பட்டியலில் குரங்கும் மர அணிலும் இல்லை. நட்டத்தைக் கணக்கெடுக்கும் போது தேங்காயை எண்ணுகின்ற அரசு, நட்டஈடு என்று வரும்போதும் அதை எண்ணவேண்டும். கமநல சேவை நிலையத்தில் ஒரு முறைப்பாட்டுப் படிவமும், வந்து பார்க்க ஓர் உத்தியோகத்தரும் இருந்தால் இதைத் தொடங்கலாம்.

கணக்கெடுப்பையும் திருத்தவேண்டும். ஒரு கூட்டத்தை நான்கு வீட்டார் நான்கு தடவை எண்ணினால் குரங்கு நான்கு மடங்காகும். மர அணிலையும் சிறு அணிலையும் மாற்றி எழுதினால் இலட்சங்கள் கூடும். காட்டின் உள்ளே எத்தனை இருக்கின்றன என்பது வளவில் நின்று எண்ணுபவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எத்தனையைக் கொல்லலாம் என்று எவராலும் சொல்ல முடியாது.

எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மேய்கின்றன, வீதியில் படுக்கின்றன, வீட்டுப் பூமரங்களையும் கடிக்கின்றன. அவற்றைக் கொல்லவேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. மான் அழகு என்பது ஒரு காரணம். பூமரம் போனால் ஒருவரும் பட்டினி கிடக்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். மூதூர்ப் பெரியவருடைய தேங்காய் அப்படியல்ல. சகிப்பதற்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மர அணில் எங்கள் எல்லோருக்கும் உரிய சொத்து என்றால், அது தின்கின்ற தேங்காயின் விலையும் எங்கள் எல்லோருக்கும் உரியது. அதை அரை ஏக்கர் வைத்திருப்பவரின் தலையில் மட்டும் கட்டிவிட்டு, “வேண்டுமென்றால் சுட்டுக்கொள்” என்று சொல்வது விவசாயக் கொள்கை அல்ல, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.